100 எம்பிபிஎஸ் பிளான்... போனில் வருவது 20 தானா? கோளாறு லைனிலா, ரவுட்டரிலா? கண்டுபிடிப்பது எப்படி?

மாதம் தவறாமல் இன்டர்நெட் பில் கட்டுகிறோம். ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் "எங்க பக்கம் லைன் சரியா இருக்கு" என்கிறார்கள். இல்லையென்றால் "200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிடுங்க" என்ற பதில் வருகிறது.

கூடுதலாகப் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். வேகம் குறைவது வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரிலா? சிக்கல் ரவுட்டரில் என்றால், 500 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் போனில் அதே 20 தான் வரும்.

முதலில் ஒரு சின்ன கணக்கு

பிளானில் சொல்லப்படும் 'எம்பிபிஎஸ்' என்பது மெகாபிட் கணக்கு. கம்ப்யூட்டரில் ஃபைல் டவுன்லோட் ஆகும்போது பெரும்பாலும் காட்டுவது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் பிளானில் அதிகபட்சம் நொடிக்கு 12.5 மெகாபைட் வரும். டவுன்லோடில் 11, 12 என்று காட்டினால் உங்கள் நெட் நன்றாகவே இருக்கிறது, கவலை வேண்டாம்.

15 நிமிடத்தில் மூன்று சோதனை

வீட்டில் மற்ற போன், டிவி எல்லாவற்றிலும் வைஃபையை ஆஃப் செய்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

1. லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேரடியாக ரவுட்டரில் இணைத்து, லேப்டாப் வைஃபையை ஆஃப் செய்து, ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள்.
2. கேபிளை எடுத்துவிட்டு, ரவுட்டருக்கு இரண்டு மூன்று அடி தூரத்தில் நின்று வைஃபையில் எடுங்கள்.
3. வழக்கமாக உட்காரும் அறைக்குப் போய் அங்கே எடுங்கள்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்து, ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

கேபிளிலேயே வேகம் இல்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் லைனில். கேபிளில் சரி, பக்கத்தில் நின்றும் வைஃபையில் குறைவு என்றால் ரவுட்டர் செட்டிங் அல்லது உங்கள் போன். பக்கத்தில் நன்றாக வந்து அறையில் மட்டும் குறைந்தால், காரணம் தூரமும் சுவரும்.

கேபிளில் 94-லேயே நிற்கிறதா?

200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் எத்தனை முறை பார்த்தாலும் 94, 95-ஐத் தாண்டவில்லையா? இது கம்பெனி செய்த வேலையாக இல்லாமலும் இருக்கலாம். பழைய ரவுட்டர்களிலும் விலை குறைந்த சில மாடல்களிலும் லேன் போர்ட்டின் வேகமே 100 எம்பிபிஎஸ் தான். சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. போர்ட்டை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

அதிலும் மாறவில்லையா? கேபிளைச் சந்தேகப்படுங்கள். லேன் கேபிளுக்குள் 8 மெல்லிய ஒயர்கள் இருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். கதவு இடுக்கில் நசுங்கியோ, எலி கடித்தோ ஒரே ஒரு ஒயர் அறுந்தாலும், நெட் நிற்காமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். கேபிளை மாற்றினாலே சரியாகிவிடும்.

2.4-ஆ, 5-ஆ?

இப்போது வரும் பல ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் குறுக்கே வந்தாலே சோர்ந்துவிடும்.

2.4-ல் இன்னொரு தொல்லை, நெரிசல். ப்ளூடூத், மைக்ரோவேவ் ஓவன், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டும். அபார்ட்மென்ட்டில் 20 வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ளும். அதனால் டிவி, லேப்டாப், அடிக்கடி பயன்படுத்தும் போன் ஆகியவற்றை 5-ல் போடுங்கள். தூரத்து அறைக்கும், 5 கிடைக்காத பழைய போனுக்கும் மட்டும் 2.4 இருக்கட்டும். அதற்கு 1, 6, 11-ல் எது காலியாக இருக்கிறது என்று வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்து அந்தச் சேனலை வையுங்கள்.

செட்டிங்கில் கவனிக்க வேண்டியவை

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று டைப் செய்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் செட்டிங் பக்கம் திறக்கும். சரியான எண்ணும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

* செக்யூரிட்டியில் 'டி.கே.ஐ.பி' என்று இருந்தால், வைஃபை 54 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகத்துக்கே இறங்கிவிடும். 'டபிள்யூ.பி.ஏ.2 - ஏ.இ.எஸ்' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.3' என்று மாற்றுங்கள்.
* இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். அடையாளம் தெரியாத பெயர் இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.
* 'பேண்ட்வித் கண்ட்ரோல்', 'கியூ.ஓ.எஸ்' என்ற இடத்தில் பழைய பிளானின் வேகம் வரம்பாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்லோடையும் மறக்காதீர்கள். ஒரு போன் போட்டோக்களை பேக்கப் செய்துகொண்டிருந்தாலோ, சிசிடிவி கேமரா வீடியோவை கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாலோ அப்லோடு பாதை அடைபடும். அப்போது டவுன்லோடும் சேர்ந்து திணறும். மீட்டிங் நேரத்தில் பேக்கப்பை நிறுத்திவைத்தால் போதும்.

இடம், சூடு, கரன்ட்

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் பீரோ மேலேயும் ஒளித்து வைப்பது நம்ம ஊர் வழக்கம். இரும்பு பீரோவும் கான்கிரீட் சுவரும் சிக்னலை விழுங்கிவிடும். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், நாலு பக்கமும் காற்று படும் இடத்தில் வையுங்கள். செட்டாப் பாக்ஸ் மேல் அடுக்கி வைத்தால் கோடையில் சூடேறித் திணறும், அடிக்கடி ரீஸ்டார்ட்டும் ஆகலாம்.

பவர்கட்டுக்காக மினி யுபிஎஸ் போட்டிருக்கிறீர்களா? ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவோடு யுபிஎஸ் அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் கேட்கும் ரவுட்டருக்கு 9 வோல்ட் கொடுத்தால் அது ஒழுங்காக ஓடாது.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு!

சுவிட்சை ஆஃப் செய்து அரை நிமிடம் கழித்து ஆன் செய்வது ரீஸ்டார்ட். இதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு அழுத்துவது ரீசெட். அது எல்லா செட்டிங்கையும் அழித்துவிடும். கம்பெனி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு அதிலேயே பதிவாகியிருந்தால் அதுவும் போய்விடும். பிறகு ஆள் வரும்வரை நெட்டே இருக்காது. நாளைக்குத் தேர்வோ இன்டர்வியூவோ இருந்தால் அந்த ஊசியைத் தொடவே வேண்டாம்.

லைனில்தான் கோளாறு என்றால்?

முதலில் டேட்டா வரம்பு தீர்ந்துவிட்டதா என்று கம்பெனி ஆப்பில் பாருங்கள். 'அன்லிமிடெட்' பிளான்களிலும் வரம்பைத் தாண்டியதும் வேகம் குறைவது உண்டு. ஃபைபர் இணைப்பில் 'எல்.ஓ.எஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சிக்னலே வரவில்லை என்று அர்த்தம். மஞ்சள் நிற ஃபைபர் ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் முனையைக் கழற்றி கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள்.

பகலில் நன்றாக வந்து, இரவு 8 மணிக்கு மேல் கேபிள் சோதனையிலும் வேகம் படுத்துவிட்டால் அது ஏரியா நெரிசலாக இருக்கலாம். பொதுவாக ஒரே ஃபைபர் பாதையை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. அதை உங்கள் வீட்டுக்குள் இருந்து சரிசெய்ய முடியாது.

இந்த நேரத்தில்தான் கேபிள் சோதனை ஸ்கிரீன்ஷாட் கைகொடுக்கும். தேதி, நேரத்தோடு அனுப்பிப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால், இந்த வழியில் போவதுதான் சரி.

கேபிளில் முழு வேகம் வருகிறதா? அப்படியென்றால் பிளானை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ரவுட்டர் இருக்கும் இடத்தையும் செட்டிங்கையும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், மாதாமாதம் பில்லை ஏற்றுவதைவிட ஒரு முறை புது ரவுட்டர் வாங்குவதே லாபம்.