ஆண்டு அனுபவித்து

பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டினால் ஒரு தொடர் மறுபடி மறுபடி கண்ணில் படும். நான்கெல்லையைச் சொல்லி முடித்ததும், வாங்கியவர் அந்த நிலத்தைப் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதியிருப்பார்கள். புத்திரன் மகன், பௌத்திரன் மகன் வழிப் பேரன். மகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

‘ஆள்’ என்ற வினை அரியணைக்கு மட்டும் உரியதல்ல. அரசன் நாட்டை ஆண்டான், குடியானவன் வயலை ஆண்டான். கருவியைக் கையாள்கிறோம், பிறர் சொல்லை எடுத்தாள்கிறோம். பயன்படுத்துவது, உடைமையாக வைத்திருப்பது, அதிகாரம் செய்வது மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. சுந்தரரைத் தன் அடிமை என்று முதியவர் ஒருவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்காடும் கதை பெரியபுராணத்தில் வருகிறது. அங்கே பேசப்படும் மூன்று சான்றுகளில் ‘ஆட்சி’ ஒன்று. அரசாட்சி அல்ல, நெடுநாள் அனுபவம் என்று பொருள். மற்றவை ஆவணமும் சாட்சியும். முதியவர் நீட்டும் ஆவணத்தின் பெயர் ஆளோலை. வினையாக நின்றால் எசமான்; பெயராக நின்றால் ஏவலாள். ஆண்டை என்பதிலும் பண்ணையாள் என்பதிலும் இருப்பது இந்தச் சொல்தான்.

பெண் இதில் எங்கே வருகிறாள்? பெரும்பாலும் செயப்படுபொருளாக. ‘பெண்டாளுதல்’ என்று அகராதியில் ஒரு சொல் உண்டு. வகுப்பில் அதற்குப் பொருள் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். பூப்பெய்திய பெண்ணை ‘ஆளாகிவிட்டாள்’ என்கிறோம். ஆணுக்குப் படித்து, சம்பாதித்து, முன்னுக்கு வந்தால் ‘ஆளாகிவிட்டான்’. அவளுக்கு உதிரம் போதும், அன்றிலிருந்து வாசற்படி தாண்டக் கேள்வி தொடங்கும்.

அவளே எழுவாயானால் வினை மாறிவிடுகிறது. ‘ஆட்டிப்படைக்கிறாள்’, ‘முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்’. ‘உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?’ என்று கேட்டுச் சிரிப்பார்கள். அல்லி ராஜ்ஜியம் என்பது இன்றும் வசைதான். (அல்லியின் கதையைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது.) 1689 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மதுரை நாயக்க அரசை நடத்தியவர் மங்கம்மாள். சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரில் நிற்கின்றன. ஆனால் பட்டம் கைக்குழந்தையான பேரனுக்கு, அவர் காப்பாளர். வாய்மொழிக் கதையோ அவரைச் சிறையில் பட்டினி போட்டுக் கொன்று முடிக்கிறது.

அரியணையை விடுங்கள், காணிக்கு வருவோம். ‘பங்காளி’ என்ற சொல்லையே பாருங்கள்: பங்கை ஆள்பவர். இதற்குப் பெண்பால் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்தாலும் தங்கை பங்காளி அல்ல. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929இல். 1956 வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை ஆண்மக்களிடமே நின்றது. தமிழ்நாடு 1989இல் அதை மகளுக்கும் திறந்தது. ஆனால் அந்த மார்ச் 25க்கு முன் மணமானவளுக்கு இல்லை என்றது. தாலி ஏறிய தேதியைப் பார்த்துப் பிறந்த வீட்டு உரிமையைத் தீர்மானித்த அந்தக் கோடு 2005இல் நடுவண் சட்டத்தால் அழிந்தது. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் தீர்க்க 2020 ஆயிற்று.

சட்டம் திறந்த கதவை ஒரு பத்திரம் சாத்துகிறது. உடன்பிறந்தவனுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரிகள் எழுதித் தரும் அதற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். சொத்து அவளிடமிருந்து விடுதலை பெறுகிறது! கவிதை எழுதுகிறவள் என்பதால் இந்தப் பெயர் வைத்தவரின் கற்பனையை நினைத்து எரிச்சலோடு வியந்திருக்கிறேன். 2005க்குப் பிறகு என் அம்மாவும் சித்தியும் அப்படியொன்றில் கையெழுத்திட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. நாளைக்குப் பேத்தி காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வர வேண்டும், பொங்கலுக்குப் பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும். பங்கு கேட்டவளுக்கு அந்த வாசல் என்னவாகும் என்பது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அம்மா ஒன்றே முக்கால் ஏக்கர் நஞ்சையை வைத்து அந்த வாசலை வாங்கிக்கொண்டார். கணவர் வீட்டில் ஐந்து ரூபாய்க்குக் கணக்கு எழுதி வைத்தவர், இந்தக் கணக்கை எங்கும் எழுதவில்லை.