முதற் கோலும் கடைசிக் கோலும்

கால்பந்துப் பிரியர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் கேள்விக் கணை தொடுக்காமல் எழுந்து போகமாட்டார்கள். அதுவும் ஓசூர் போன்ற எல்லைப்புறத்துத் தொழில் நகரமாக இருந்துவிட்டால் வேடிக்கைக்குக் குறைவே இல்லை. கேள்வி கன்னடத்தில் பிறக்கும். பதில் தமிழில் வரும். ஆட்சேபம் தெலுங்கில் கிளம்பும்!

அப்படிப்பட்ட சபைகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. 1950ஆம் வருஷம் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்கு இந்தியா ஏன் போகவில்லை? "வெறுங்காலுடன் ஆட அனுமதி கிடைக்கவில்லை" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். சுவையான பதில்தான், ஆனால் உண்மையான பதில் அல்ல. நம் பிரிவிலிருந்த மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால், ஓர் ஆட்டம்கூட ஆடாமலே நமக்கு இடம் கிடைத்திருந்தது. போகாமல் நின்றது நம்முடைய சம்மேளனமேதான். பயிற்சிக்கு அவகாசம் போதாது, அணித் தேர்வில் தகராறு என்று காரணங்கள் கூறப்பட்டன. அந்நாளில் நம்மவர்கள் ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக எண்ணினார்கள். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள் என்பதை நினைத்தால், பாதரட்சையின் மேல் பழி போடுவது எவ்வளவு அநியாயம் என்று விளங்கும்.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதற் கோலை அடித்தவர் யார்? கடைசிக் கோலை அடித்தவர் யார்?

1948, ஜூலை 31. சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட நிறையவில்லை. லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்ஸை எதிர்த்து நம்மவர்கள் ஆடினார்கள். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் அடித்தது. எழுபதாவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் நாம் வீணாக்கினோம்; முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு வென்றது. ராமன் மைசூர் அணியின் வீரர். அகமது கான், தன்ராஜ், வரதராஜ் என்று அதே பெங்களூர் மைதானங்களில் வளர்ந்த வேறு பலரும் அந்த அணியில் இருந்தார்கள். 1809இல் தோன்றிய கண்டோன்மெண்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பெருகிய ஊர் அது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான்.

கடைசிக் கோல் 1960இல், ரோம் ஒலிம்பிக்கில், பெரு நாட்டுக்கு எதிராக. அந்த ஆட்டத்தில் 3-1 என்று தோற்றோம். நமக்குக் கிடைத்த அந்த ஒரே கோலை அடித்தவர் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ். பின்னாளில் பயிற்சியாளராகி, 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

இந்த இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷங்கள், நான்கு ஒலிம்பிக்குகள். தகுதிச் சுற்றுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் இந்தியா அடித்த கோல்கள் மொத்தம் பத்து. 1956இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிஸௌஸா அடித்த மூன்றும் இதில் அடக்கம். 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் நாம் காலடி வைக்கவே இல்லை.

பாதரட்சைக் கதை நமக்கு ஏன் இனிக்கிறது? குற்றத்தை அது அயலான் வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. உண்மையோ நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. வந்த வாய்ப்பை நாமே நழுவவிட்டோம். ஆடிய வீரர்களின் பெயரையும் நாமே மறந்தோம். நழுவிய வாய்ப்பை இனி மீட்க முடியாது. பெயர்களை மீட்பதற்கு ஒரு கேள்வி போதும். அடுத்த தடவை சபை கூடும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.