எல்லை தாண்டும் மீனும் எண்ணிச் சொல்லும் குழுவும்

'நிபுணர் குழு அமைக்கப்பட்டது' என்ற செய்தி நமக்குப் பழக்கமானது. ஒரு மீனுக்காக நாடுகள் கூடி அப்படிக் குழு அமைத்த கதை அவ்வளவாகத் தெரியாது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட, தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். வழியில் ஒரு நாடு வலைவீசினால் இன்னொரு நாட்டின் ஆறு வெறுமையாகும்.

ரைன் ஆற்றுச் சால்மனைக் காக்க ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து மூன்றும் 1885இல் பெர்லினில் ஒப்பந்தம் செய்தன. வலைக்கும் காலத்துக்கும் விதி வகுத்தும் பயனில்லை. அணைகளும் கழிவுநீரும் பெருகி, 1950களில் ரைனில் சால்மனே அற்றுப்போனது. இதற்கிடையில் 1902இல் வட ஐரோப்பிய நாடுகள் எட்டு கோபன்ஹேகனில் கூடி, கடலைச் சேர்ந்தே ஆராய ஒரு சர்வதேச மன்றத்தைத் தொடங்கியிருந்தன.

அடுத்த திருப்பம் ஒரு விபத்து. கனடாவின் ஃபிரேசர் ஆற்றோரம் ரயில் பாதைக்காகப் பாறைகளைத் தகர்த்தபோது, 1914இல் ஹெல்ஸ் கேட் என்னும் குறுகலில் பாறைச்சரிவு ஏற்பட்டது. சாக்கை வகைச் சால்மன் மேலேறும் வழி அடைபட்டது. அந்த மீனைப் பிடித்து வந்த அமெரிக்காவும் கனடாவும் 1930இல் ஒப்பந்தம் எழுதின. அது நடைமுறைக்கு வர 1937 ஆனது. அமெரிக்க செனட் ஒரு நிபந்தனையும் போட்டது: எட்டு ஆண்டுகள் ஆராய்ந்த பிறகே கட்டுப்பாடு! முட்டுக்கட்டையாகத் தெரிந்த அதுவே விஞ்ஞானிகளுக்கு அவகாசமாயிற்று. ஹாலிபட் மீனுக்கான 1923 ஒப்பந்தத்தின்கீழ் ஆய்வு நடத்திய வில்லியம் தாம்சனே இங்கும் பொறுப்பேற்றார். எந்த நீர்மட்டத்தில் மீன் தடைபடுகிறது என்று அவர் குழு கண்டறிந்தது. 1940களில் கான்கிரீட் மீன்வழிகள் எழுந்தன.

1952இல் ஜப்பானும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் புதிய கேள்வியை எழுப்பியது: நடுக்கடலில் சிக்கும் மீன் யாருடையது? செதில்கள் பதில் சொல்லின, புழுக்களும் சொல்லின. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடா மீனின் தசையில் ஒருவகை ஒட்டுண்ணி, ரஷ்யாவின் காம்சட்கா மீனின் குடலில் வேறொன்று!

அட்லாண்டிக்கிலும் அதே கேள்வி எழுந்தது: ஸ்காட்லாந்தில் அடையாளம் கட்டிய சால்மன் ஒன்று 1956இல் மேற்கு கிரீன்லாந்தில் பிடிபட்டது. 1971இல் அங்கே பிடித்த சால்மன் சுமார் 2,700 டன். அதன் விளைவாக 1983இல் வட அட்லாண்டிக் சால்மன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பு அறிவியல் ஆலோசனை கேட்டுச் சென்றது கோபன்ஹேகனின் அந்தப் பழைய மன்றத்திடமே.

பசிபிக்கிலும் 1985 ஒப்பந்தம் அமெரிக்கா, கனடா இரு நாட்டு விஞ்ஞானிகளையும் தொழில்நுட்பக் குழுக்களில் ஒன்றாக உட்கார வைத்தது. ஆனாலும் பிடிப்பளவுத் தகராறு முற்றி, 1997இல் கனடிய மீனவர்கள் பிரின்ஸ் ரூபர்ட்டில் அலாஸ்காக் கப்பலை மறித்தார்கள். 1999 உடன்பாடு, கடலில் உள்ள மீன்வளத்துக்கேற்பப் பிடிப்பளவு கூடிக் குறைய வழிசெய்தது. அறிவியல் ஒத்துழைப்புக் குழு ஒன்றும் பிறந்தது.

இக்குழுக்களுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரமில்லை. எண்ணிச் சொல்வது அவற்றின் கடமை. கேட்டு நடப்பது அரசுகளின் பொறுப்பு. இரு தரப்பும் ஒரே கணக்கை ஏற்கும் இடத்தில்தான் சால்மனுக்கு எதிர்காலம் உண்டு.