புழுக்கை சொல்லும் வரலாறு: கூண்டு விலங்குகளின் குடல் நுண்ணுயிர் ஆய்வு வளர்ந்த விதம்

யானைக்கு இலத்தி, மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, கழுதைக்கு விட்டை என்று விலங்குக்கு விலங்கு கழிவுக்குப் பெயர் வகுத்திருக்கிறது தமிழ். வடிவையும் பதத்தையும் கண்டு வகுத்த பெயர்கள் இவை. அக்கழிவில் வாழும் நுண்ணுயிர்களும் விலங்கின் வகைக்கேற்ப மாறுகின்றன என்று நிறுவ அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த அறிவுக்கு விலங்குக்காட்சிசாலைகள் பெரிதும் துணைநின்றன. பின்னர் அதே அறிவு அவற்றின் வளர்ப்புமுறையைக் கேள்விக்குள்ளாக்கியது. இத்திருப்பம் எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வளர்ப்பிலிருந்து வரிசைக்கு

1885-இல் தியோடர் எஷரிச் குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே எஷரிச்சியா கோலை எனப்படுகிறது. ஆனால் குடல்வாழ் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் தழைப்பதில்லை. ராபர்ட் ஹங்கேட் ஆக்சிஜன் நீக்கிய குழாய்களில் அவற்றை வளர்க்கும் முறையை உருவாக்கி, அசைபோடும் விலங்குகளின் இரைப்பையை ஆராய்ந்தார். அப்போதும், வளர்க்க முடிந்தவை மட்டுமே கண்ணில் பட்டன. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் வரிசையைக் கொண்டு உயிர்களின் உறவைக் கணித்தனர். பின்னாளில் இவ்வழியே, நுண்ணுயிரை வளர்க்காமலே அடையாளம் காணும் முறை பிறந்தது.

காட்சிசாலை தந்த ஒப்பீடு

2008-இல் ரூத் லே குழுவினர் 60 பாலூட்டி இனங்களைச் சேர்ந்த 106 விலங்குகளின் கழிவை ஒப்பிட்டனர். மாதிரிகள் இரண்டு காட்சிசாலைகளிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தவை. ஊனுண்ணிகளில் நுண்ணுயிர் வகைகள் குறைவு; அனைத்துண்ணிகளில் கூடுதல்; தாவரவுண்ணிகளில் மிகுதி. உணவோடு குலமரபும் நுண்ணுயிர்க் கூட்டத்தைத் தீர்மானித்தது. மூங்கிலையே தின்னும் பாண்டா, தாவரவுண்ணிகளோடு சேராமல் ஊனுண்ணி உறவினரோடு சேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று. 2015-இல் செங்டூவில் வளர்க்கப்பட்ட 45 பாண்டாக்களின் 121 கழிவு மாதிரிகளை ஆராய்ந்தபோதும், ஊனுண்ணியை ஒத்த நுண்ணுயிர்களே மேலோங்கியிருந்தன.

கூண்டின் தடம்

காட்சிசாலை விலங்கின் கழிவு அந்த இனத்தின் இயல்பைக் காட்டுகிறதா, அல்லது அங்கு இடப்படும் தீனியைக் காட்டுகிறதா? இக்கேள்வி 2016-இல் கூர்மை பெற்றது. வியட்நாமின் செங்கால் டூக் குரங்கு, அறைகள் கொண்ட இரைப்பையில் இலையை நொதிக்கவைத்து வாழும் இலைதின்னி. காட்டில் வாழ்பவை, மீட்பு மையத்தில் இருப்பவை, காட்சிசாலையில் வளர்பவை என ஜொனாதன் கிளேட்டன் குழுவினர் ஒப்பிட்டபோது, காட்டிலிருந்து விலக விலக அவற்றுக்குரிய நுண்ணுயிர்கள் குறைந்தன. மனிதக் குடலில் மிகுந்துள்ள பிரிவோடெல்லா, பாக்டீராய்ட்ஸ் ஆகியவை அவ்விடத்தைப் பிடித்தன. கழிவில் எஞ்சும் தாவர டி.என்.ஏ.வின் பங்கும் குறைந்திருந்தது.

எல்லா விலங்கும் ஒன்றுபோல் இழப்பதில்லை. 2017-இல் 41 இனங்களை ஒப்பிட்ட ஆய்வில், நாய்க் குடும்பத்திலும் குரங்குகளிலும் குதிரைக் குடும்பத்திலும் நுண்ணுயிர்ப் பன்மை குறைந்தது. மாட்டுக் குடும்பத்திலும் ஒட்டகச்சிவிங்கியிலும் அத்தகைய இழப்புத் தென்படவில்லை. ஆகவே ஓர் இனத்தில் கண்டதை மற்றோர் இனத்துக்கு விதியாக்க முடியாது.

கழிவே மருந்து

கோவாலாத் தாய், குட்டிக்கு இலை தின்னும் பருவம் நெருங்கும்போது, வழக்கமான புழுக்கையினின்று வேறான குழைந்த கழிவை வெளியிடுகிறது. அதைத் தின்றே குட்டி இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்களைப் பெறுகிறது. இயற்கையின் இந்த ஏற்பாட்டை நினைவூட்டும் ஒரு சோதனை 2019-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் கேப் ஆட்வேயில் கோவாலாக்கள் பெருகி, தாம் விரும்பும் மன்னா கம் எனும் தைலமரங்களை மொட்டையாக்கின. பல பட்டினியால் மடிந்தன. அருகிலிருந்த மெஸ்மேட் வகைத் தைலமரத்தைப் பெரும்பாலானவை தின்னவில்லை. மைக்கேலா பிளைட்டன் குழுவினர், மெஸ்மேட் தின்னும் கோவாலாக்களின் புழுக்கையிலிருந்து நுண்ணுயிர்களைத் திரட்டி, அமிலம் தாங்கும் உறையில் அடைத்து, தற்காலிகமாகக் கூண்டில் வைத்திருந்த கோவாலாக்களுக்குக் கொடுத்தனர். குடல் நுண்ணுயிர்கள் எந்த அளவு மாறினவோ, அதற்கேற்பவே அவை தின்ற மெஸ்மேட் இலையின் அளவும் அமைந்தது.

முடிவுரை

விலங்கின் கழிவில் அதன் குலமரபும், அது உண்ட இரையும், வாழும் இடமும் சேர்ந்தே பதிகின்றன. ஓர் இனத்தைக் கூண்டில் காப்பாற்றிப் பெருக்கியபின் காட்டில் விடும்போது, காட்டு இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் குடலில் இல்லையென்றால் காப்பாற்றியது பாதி விலங்கைத்தான். எனவே தீனித் தொட்டியில் இடுவதைக் கணக்கெடுக்கும் அதே அக்கறையோடு, காலையில் கூண்டிலிருந்து கூட்டியள்ளும் கழிவையும் ஆராய்வது காட்சிசாலைகளின் கடமை.