மூர்த்தி கற்ற பாடம்

முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் யானைகளுக்கு ராகிக்களி ஊட்டுவதை வேடிக்கை பார்த்துத் திரும்புகிறோம். அந்தக் கவளம் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர் அளந்து விதித்தது என்பது நம் கண்ணில் படுவதில்லை.

1998இல் கூடலூர்ப் பக்கம் பிடிபட்ட ஒரு மக்னா, அதாவது தந்தமில்லா ஆண் யானை, இருபதுக்கும் மேற்பட்ட மனிதரைக் கொன்றிருந்தது. பிடித்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயராலேயே அது 'மூர்த்தி' ஆயிற்று. பெருமரக் கட்டைகளாலான கராலில் அடைத்துப் பழக்கினார்கள். கராலில் மிரட்டல் மட்டும் பலிப்பதில்லை. நாள்தோறும் அதே பாகன், அதே காவடி, அதே சொற்கள். சொல்லுக்குப் பணிந்தால் ஒரு கரும்புத் துண்டு. கொடுமையே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை, அடைப்பே கொடுமைதான். ஆயினும் கொலைகாரன் எனப்பட்ட மூர்த்தி, முகாமின் சாதுவான யானைகளுள் ஒன்றாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2024இல் இறந்தது.