பல் முளையாத சந்ததி

சுரபி நதிக்கரையிலுள்ள குச்சனூர்ச் சனீஸ்வரன் சந்நிதிக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் திரளும் ஜனங்களுள், குலத்தில் ஏதோ தோஷம் என்று நொந்து எள் தீபம் ஏற்றுவோர் பலர். பிறவிக் குறையைக் கிரகத்தின் கோபத்தோடும், அதனினும் கொடுமையாகப் பெற்றவளின் பாவத்தோடும் இணைத்துப் பேசும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. பற்கள் அறவே முளையாமலோ, ஓரிரண்டு மட்டும் கூம்பு போல முளைத்தோ வளரும் குழந்தைகளின் தாய்மாரும் இப்பழிக்குத் தப்பியதில்லை.

இக்குறையின் சரித்திரத்தில் நம் உபகண்டத்துக்கு ஓர் இடமுண்டு. சிந்து தேசத்து ஹிந்துக் குடும்பம் ஒன்றில், நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே இருந்தன என்றும், அவர்கள் ரோமம் குன்றி, கோடையில் தோல் வறண்டு அவதியுற்றனர் என்றும், புதல்வியருக்கு இக்குறை வாராவிடினும் அவர்தம் புதல்வருக்கு வந்தது என்றும், வெடர்பர்ன் என்பவர் அனுப்பிய செய்தியை டார்வின் தம் நூலொன்றில் பதிந்தார். வியர்வைச் சுரப்பியும் பல்லும் ரோமமும் கருவின் ஒரே புறப்படலத்திலிருந்து விருத்தியாவதால் மூன்றும் ஒருங்கே குன்றுகின்றன. வியர்க்காமையால், சித்திரை வெயிலில் அத்தகைய குழந்தையின் உடல் அனலாய்க் கொதிக்கும். ஈரத்துணி போர்த்தித்தான் உஷ்ணத்தைத் தணிக்க வேண்டும். இந்நோயின் மிகுதியாகக் காணப்படும் வகைக்குக் காரணமான மரபணு 1996இல் கண்டறியப்பட்டது.

பரிகாரம் வேறொரு திசையிலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டுப் பிரோனெமார்க் என்பவர், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியம் எலும்போடு ஒன்றிப் பிரிக்கவொண்ணாததாகி விட்டதை 1952இல் கண்டு, பல ஆண்டு ஆராய்ச்சிக்குப்பின், 1965இல், பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்ட ஒருவருக்கு அவ்வுலோகத்தாலேயே பல்வேர் அமைத்தார். ஆயினும் பல் முளையாத தாடையில் எலும்பும் தடித்து வளர்வதில்லை; கத்தி முனைபோல் மெலிந்த அவ்விளிம்பில் பல்வேராக அமையும் திருகாணி நிற்க, உடலின் வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்ட வேண்டியும் வரும். மேலும், எலும்போடு இறுகிய உலோகம் தாடையுடன் வளராது. சிறுவயதில் பொருத்தினால் சுற்றுப்புறம் உயர, அது அமிழ்ந்துவிடும். ஆகையால் வளர்ச்சி நிற்கும் பருவம்வரை காத்திருப்பதே பொது விதி. கீழ்த்தாடையின் முன்புறத்துக்கு மட்டும் சில வேளை விலக்குண்டு.

காத்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று. மூன்று, நான்கு வயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட்டு அணிவித்து, தாடை பெருகப் பெருக அதை மாற்றி வந்தால், குழந்தை மெல்லவும் தெளிவாகப் பேசவும் பள்ளியில் கூசாமல் சிரிக்கவும் இயலும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தோன்றியது. ஆனால் அது குச்சனூர் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. இத்தகைய குழந்தைக்கு ஆண்டுதோறும் வேண்டிய சிகிச்சை, பஸ் கட்டணத்துக்கே யோசிக்கும் குடும்பத்துக்கும் எட்டும் தூரத்தில் கிடைக்க வழிசெய்வது சமூகத்தின் கடமை. பெற்றவள்மேல் சுமத்திய பழியை நீக்குவது, ஊரார் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடிய தர்மம்.