தள்ளுபடியால் வளர்ந்த புத்தக நிலையம்

மும்பை வாழ் புத்தகப் பிரியர்கள் எளிதில் மறக்கவியலாத பெயர் ஸ்ட்ராண்ட் புத்தக நிலையம். 1948ஆம் ஆண்டில், கொலாபாவிலிருந்த ஸ்ட்ராண்ட் திரையரங்கில், டி. என். ஷான்பாக் அதனைச் சிறியதொரு கடையாகத் தொடங்கினார். பின்னர் அது கோட்டைப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. விலையில் தாராளமாகத் தள்ளுபடி தந்து, நடுத்தரக் குடும்பத்தாரும் நல்ல நூல்களை வாங்க அவர் வழி செய்தார். 2003இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெரியவர் 2009இல் மறைந்தார். 2018இல் கடையும் மூடப்பட்டது.

காரணம் யாது? மக்கள் படிப்பதை விட்டனர் என்பது முழு உண்மையன்று. 2007இல் ஃபிளிப்கார்ட் இணையவழியே நூல் விற்கத் தொடங்கியது. 2013இல் அமேசானின் இந்திய விற்பனைத் தளமும் வந்தது. எந்தத் தள்ளுபடியால் ஷான்பாக் வாசகரை ஈர்த்தாரோ, அதனையே பெருமுதல் படைத்த இந்நிறுவனங்கள் மிகுதியாக அளித்து, நூலை வீட்டு வாசலிலும் சேர்த்தன. நகர நடுவில் இடமும் ஊழியரும் வைத்து நடத்தும் கடை அதற்கு எங்ஙனம் ஈடு கொடுக்கும்? நாமும் கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தபடி மலிவாக வாங்கினோம்.

விலையில் இணையம் வென்றது. எனினும், தேடி வராத நூலொன்று தற்செயலாகக் கைக்கு எட்டும் பேறு அலமாரியின் முன் நிற்பவர்க்கே வாய்க்கும். நம் பிள்ளைகளும் அப்பேற்றைப் பெற வேண்டுமாயின், எஞ்சியுள்ள கடைகளில் பார்த்த நூலை அங்கேயே வாங்குதல் நம் கடன்.